வீட்டிலேயே மர எண்ணெய், மெழுகுப் பூச்சு: அளவு, காய்ச்சும் விதம், கெடாமல் வைக்கும் விதம்

புதுஉளி:
வணக்கம். தேக்கில் ஒரு படிப்பு மேசை, புளிய மரத்தில் காய் நறுக்கும் பலகை இரண்டு. மெலமைன், பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ் எதுவும் வேண்டாம், தொட்டால் மரம் மரமாகவே இருக்க வேண்டும். பெயிண்ட் கடையில் வாங்கிய டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் 1 லிட்டர், நாட்டு மருந்துக் கடைத் தேன்மெழுகு அரை கிலோ கையில் இருக்கிறது. தேடினால் ஒருவர் கடலை எண்ணெய் என்கிறார், ஒருவர் தேங்காய் எண்ணெய், இன்னொருவர் எண்ணெயும் மெழுகும் சம அளவு. எந்த எண்ணெய், எவ்வளவு மெழுகு, மிச்சத்தை எப்படி எடுத்து வைப்பது? இந்த மூன்றுதான் கேள்வி.

இழைப்புளி:
தம்பி, அளவுக்குப் போவதற்கு முன்னால் எண்ணெய் எப்படிக் காய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

மரத்தில் பூசிய எண்ணெய் காய்வது துணி காய்வது மாதிரி இல்லை. எதுவும் ஆவியாகிப் போவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிறது. எல்லா எண்ணெய்க்கும் இந்தக் குணம் கிடையாது. அதை அளக்க அயோடின் எண் என்று ஒன்று இருக்கிறது, அது கூடக் கூட எண்ணெய் நன்றாகக் காயும். ஆளி விதை எண்ணெய்க்கு (அதுதான் லின்சீட்) 170 முதல் 200 வரை. டங் எண்ணெய் 160க்கு மேல். வால்நட் எண்ணெய் 140–160. இவை மூன்றும் காயும். நல்லெண்ணெய் 110 பக்கம், கடலை எண்ணெய் 100ஐ ஒட்டி. தேங்காய் எண்ணெய் வெறும் 6–11. கடலை எண்ணெயைப் பூசினால் முழுசாகக் காயவும் செய்யாது, அப்படியே இருக்கவும் செய்யாது. பாதி காய்ந்து பிசுபிசுக்கும், தூசி ஒட்டும், இரண்டு மாதத்தில் காறல் நாற்றம் வரும். வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் இதே வரிசைதான்.

அதனால் மேசைக்கு உங்கள் லின்சீட் சரி. நறுக்கும் பலகைக்கு அது வேண்டாம். டபுள் பாயில்டு என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்காக கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். சாப்பாடு படும் இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

வேங்கைமரம்:
இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பச்சை (எதுவும் சேர்த்துப் பக்குவப்படுத்தாத) லின்சீட் வாங்கி வீட்டில் கொதிக்க வைத்தால் பாயில்டு ஆகிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஆகாது. வீட்டு அடுப்பில் கொதிக்க வைத்தால் புகையும், கருக்கும், தீப்பிடிக்கும் அபாயமும்தான் மிச்சம். பழைய குறிப்புகளில் எண்ணெயோடு மிருதார்சிங்கி போட்டுக் காய்ச்சச் சொல்லியிருக்கும். மிருதார்சிங்கி என்பது ஈய ஆக்சைடு. எண்ணெய் சீக்கிரம் காயும், உண்மைதான். ஆனால் காய்ச்சும்போது வரும் புகையிலும், பின்னால் உப்புத்தாள் போடும்போது பறக்கும் தூசியிலும் ஈயம் இருக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

கடைசல்பட்டறை:
பலகைக்கு நான் சொல்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் லிக்விட் பாரஃபின் கேளுங்கள், தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருப்பது. மலச்சிக்கலுக்கு என்று வெள்ளையாக, பால் மாதிரி, வாசனை போட்டு ஒரு கலவை விற்பார்கள். அதில் மெக்னீசியாவும் தண்ணீரும் கலந்திருக்கும், பலகைக்கு உதவாது. லேபிளில் லிக்விட் பாரஃபின் மட்டும்தான் இருக்க வேண்டும்.

அளவு: லிக்விட் பாரஃபின் 400 மி.லி. (எடையில் ஏறக்குறைய 350 கிராம்), தேன்மெழுகு 85 முதல் 90 கிராம். அதாவது எடைக்கு எடை நான்குக்கு ஒன்று. இந்த எண்ணெய் காயவே காயாது, அதே காரணத்தால் காறவும் காறாது. மாதம் ஒருமுறை திரும்பப் பூச வேண்டும், அவ்வளவுதான்.

புளியங்கட்டை நல்ல தேர்வு. கறிக்கடைக் கட்டையெல்லாம் அதில்தான் இருக்கும். இறுக்கமான மரம், கத்தி வெட்டு தாங்கும். பூசுமுன் 220 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். நார் சிலிர்த்து எழும். அதை 320ல் லேசாகத் தேய்த்து எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் கழுவலிலேயே பலகை சொரசொரப்பாகிவிடும். பிறகு முதலில் வெறும் லிக்விட் பாரஃபினை நன்றாக விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். வெட்டுமுனைப் பக்கங்கள் (நார் குறுக்கே வெட்டுப்பட்ட ஓரங்கள்) மட்டும் மூன்று நான்கு முறை கேட்கும், கேட்கிறவரை கொடுங்கள். மறுநாள் துடைத்துவிட்டு மெழுகுக் கலவை.

புதுஉளி:
நன்றி அண்ணா. தேங்காய் எண்ணெயே போதாதா? அகப்பை, மத்து எல்லாவற்றுக்கும் வீட்டில் அதைத்தானே தடவுகிறோம்.

கடைசல்பட்டறை:
அகப்பை தினமும் கழுவுகிற பொருள். தடவிய எண்ணெய் தங்கிக் காறுவதற்கு முன்னால் கழுவலில் போய்விடும், புதிது வந்துவிடும். தேங்காய் எண்ணெய் மற்றச் சமையல் எண்ணெயைவிட மெதுவாகத்தான் காறும் என்பதும் சரி. தினசரிப் புழக்கச் சாமானுக்குத் தாராளமாகத் தடவலாம். தடிமனான பலகைக்குள் ஆழமாக இறங்கி, மாதக்கணக்கில் உள்ளேயே நிற்கும் இடத்துக்கு வேண்டாம்.

தேனடை:
மெழுகு பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அரை கிலோ வாங்கியாயிற்று என்கிறீர்கள். அது தேன்மெழுகுதானா என்று முதலில் பாருங்கள். பாரஃபின் மெழுகு கலந்து விற்பது சகஜம்.

ஒரு சின்னத் துண்டை விரலுக்கு நடுவே வைத்துப் பிசையுங்கள். நல்ல தேன்மெழுகு கைச்சூட்டில் இளகி, களிமண் மாதிரி வளையும், கொஞ்சம் ஒட்டும், தேன் வாசம் தெரியும். பாரஃபின் வழுவழுவென்று நழுவும், வளையாமல் செதிலாக உடையும். கட்டியை உடைத்தால் தேன்மெழுகின் உடைந்த முகம் மங்கலாக, மணல் மணலாக இருக்கும். அடுத்தது வெப்பமானி. உருக்கி ஆறவிடுங்கள், 65லிருந்து 62 டிகிரிக்குள் கலங்கி உறையத் தொடங்க வேண்டும். 55 வரை தெளிவாகவே இருந்தால் கலப்படம். மேலே வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் பயப்படாதீர்கள், அது பூஞ்சை இல்லை. பழைய தேன்மெழுகில் தானாகவே வரும் பூப்பு, லேசாகச் சூடு காட்டினால் மறைந்துவிடும்.

அடுத்து, சுத்தம். நாட்டு மருந்துக் கடை மெழுகில் தேன், கூட்டுச் சக்கை, மண் எல்லாம் இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் மெழுகும் அதன் இரண்டு மடங்கு தண்ணீரும் வைத்து, மெழுகு உருகும்வரை சிறு தீயில் சூடாக்கி, இரட்டை மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டி, மூடி, அசையாமல் ஓர் இரவு ஆறவிடுங்கள். காலையில் மெழுகு தட்டாக மிதக்கும். அடியில் பழுப்பாக, மெத்தென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும். அதைக் கத்தியால் சுரண்டி எறியுங்கள். தண்ணீர் மிக முக்கியம்: மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். உப்பான போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியம் மெழுகிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். மெழுகு நுரைத்து, பஞ்சு பஞ்சாகப் போய்விடும். பாத்திரமும் இரும்போ செம்போ வேண்டாம், மெழுகு கருக்கும்.

கடைசியாக, தண்ணீர் இல்லாமல் ஒருமுறை உருக்கி, ஈரம் சுத்தமாகப் போன பிறகுதான் எண்ணெயில் சேர்க்க வேண்டும். ஈரம் நின்றால் டப்பாவுக்குள் வெள்ளைப் புள்ளியும், பிறகு பூஞ்சையும் வரும்.

இழைப்புளி:
தேனடை சொன்ன ஆர்.ஓ. தண்ணீர் விஷயத்தைத் தயவுசெய்து யாரும் தாண்டிப் போகாதீர்கள். "மெழுகு கெட்டுப்போச்சு" என்று இங்கே வரும் படங்களில் பாதி அதுதான்.

இனி மேசைக்கான கலவை. லின்சீட் 400 கிராம், அதாவது ஏறக்குறைய 430 மி.லி. மெழுகு 100 கிராம் போட்டால் மிருதுவான குழம்பு. சித்திரை வெயிலில் சென்னை, மதுரை வீடுகளில் அது இளகி எண்ணெய் பிரியும். அதனால் 130 வரை ஏற்றலாம். ஊட்டி, கொடைக்கானலில் 80 போதும். எண்ணெயும் மெழுகும் சம அளவு என்று போட்டால் சோப்புக்கட்டி மாதிரி இறுகிவிடும், தேய்க்கவே முடியாது.

காய்ச்சும் முறை: பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் சிறிய எவர்சில்வர் பாத்திரம். நேரடியாகத் தீயில் வைக்க வேண்டாம். துருவிய மெழுகை முதலில் உருக்குங்கள், 70–75 டிகிரி போதும். 85ஐத் தாண்டினால் மெழுகின் நிறம் மாறத் தொடங்கும். எண்ணெயைத் தனியாக வெதுவெதுப்பாக்கி, மெதுவாக ஊற்றிக் கிண்டுங்கள். குளிர்ந்த எண்ணெயை உருகிய மெழுகில் மொத்தமாகக் கொட்டினால் மெழுகு சட்டென்று கட்டிகட்டியாக உறைந்துவிடும். அப்படி ஆனாலும் பயமில்லை, திரும்பச் சூடாக்கினால் கரையும்.

பதம் பார்ப்பது பாகுக்குப் பார்ப்பது மாதிரிதான். ஓர் எவர்சில்வர் தட்டை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, ஒரு தேக்கரண்டி கலவை விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். விரல் அழுத்தினால் வாசலின் மாதிரிக் குழியவேண்டும். ஓடினால் இன்னும் 10 கிராம் மெழுகு. நகம் இறங்கவில்லை என்றால் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி.

ரசாயனம்62:
மெழுகைக் கரைக்க டர்பன்டைன் சேர்ப்பவர்கள் கவனிக்கவும். பெயிண்ட் கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது மினரல் டர்பன்டைன், பெட்ரோலியப் பொருள். பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் அசல் டர்பன்டைன் ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும், விலை அதிகம். மெழுகைக் கரைக்க இரண்டுமே உதவும். இரண்டின் ஆவியும் 35–40 டிகிரியிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். நம் ஊர் மே மாத மதிய வெப்பமே அவ்வளவு. ஆகவே டர்பன்டைன் இருக்கும் பாத்திரத்தைக் கேஸ் அடுப்பின் அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது. தீயை அணைத்துவிட்டு ஊற்றலாம் என்பதும் போதாது; உருகிய மெழுகு 65 டிகிரியில் இருக்கும், பக்கத்து அறையில் பூஜை விளக்கு எரிந்தால் போதும்.

பாதுகாப்பான வழி அடுப்பே இல்லாதது. மெழுகு 100 கிராமைக் காரட் துருவியில் மெல்லியதாகத் துருவி, வாயகன்ற கண்ணாடி ஜாடியில் போட்டு, டர்பன்டைன் 250 மி.லி. ஊற்றி, மூடி, நிழலில் வையுங்கள். தினம் இரண்டு முறை மரக்குச்சியால் கிளறுங்கள். இரண்டு மூன்று நாளில் தானாகக் கரைந்து, நெய் மாதிரி ஆகிவிடும். மெல்லிசாகத் துருவத் துருவ சீக்கிரம் கரையும்.

புதுஉளி:
எண்ணெய் பூசிய பிறகு அதன்மேல் மெழுகா, இல்லை இரண்டும் கலந்த குழம்பையே பூசினால் போதுமா?

இழைப்புளி:
மேசைக்கு முதலில் எண்ணெய் மட்டும், கடைசியில் மெழுகுக் குழம்பு. வரிசையை மாற்றக் கூடாது. மெழுகு ஏறிய இடத்தில் பிறகு எண்ணெய் இறங்காது. நாளை மனம் மாறி மெலமைனோ பி.யு.வோ அடிக்க நினைத்தாலும் ஒட்டாது, மெழுகை முழுக்கத் துடைத்தெடுத்தாக வேண்டும்.

முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு. தாராளமாகத் தடவி, 15–20 நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் துடையுங்கள். உங்களுக்கு "எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டோமே" என்று தோன்ற வேண்டும். அதுதான் சரியான அளவு. மேலே பளபளவென்று நிற்கும் எண்ணெய்தான் நாளைய பிசுபிசுப்பு. மேல்பரப்பு ஆக்சிஜனைப் பிடித்து ஆடை கட்டும், அடியில் உள்ளதற்குக் காற்றுப் போகாது, அதனால் அது ஈரமாகவே கிடக்கும்.

இரண்டாவது, மூன்றாவது பூச்சு கலக்காத எண்ணெயில், ஒவ்வொன்றுக்கும் நடுவே 24 மணி நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பாயில்டு இல்லாத பச்சை லின்சீட் என்றால் ஒரு வாரம். அதன்பின் இரண்டு வாரம் சும்மா விட்டு, பிறகு மெழுகு.

வேங்கைமரம்:
தேக்கில் இரண்டு சிக்கல் சொல்லவேண்டும்.

ஒன்று, தேக்குக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறது. அது பூசிய எண்ணெய் காய்வதைத் தாமதப்படுத்தும். பூசுவதற்குச் சற்று முன் தின்னர் அல்லது அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, அது பறந்த உடனே முதல் பூச்சு. தோதகத்தியில் (ஈட்டி) இது இன்னும் மோசம். அந்த மரத்திலுள்ள வேதிப்பொருள் எண்ணெய் ஆக்சிஜனை எடுப்பதையே தடுத்துவிடும். மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு முதலில் ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்த அவலரக்கு (ஷெல்லாக்) ஒரு பூச்சுக் கொடுத்து அடைத்துவிட்டு, மேலே மெழுகு மட்டும் போடுவது நல்லது.

இரண்டு, கசிவு. தேக்கு, வேங்கை இரண்டும் பெரிய துளை உள்ள மரம். துடைத்து முடித்து அரை மணி கழித்துப் பாருங்கள்: துளைகளிலிருந்து எண்ணெய் மேலே வந்து, கடுகு சிந்தினாற்போலப் பொட்டுப்பொட்டாக நிற்கும். துடைக்க வேண்டும். அடுத்த அரை மணியில் மறுபடி வரும். அது நிற்கும்வரை, நான்கைந்து மணி நேரம், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். படுக்கப் போகும் நேரத்தில் பூசினால் காலையில் அத்தனையும் மின்னும் மணிகளாக உறைந்திருக்கும். வெயிலில் வைத்துப் பூசினால் கசிவு இரட்டிப்பு. துளைக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து எண்ணெயைத் தள்ளும். காலையில், நிழலில் பூசுங்கள்.

உறைந்த மணிகளை எடுக்க ஸ்டீல் உல் பயன்படுத்தாதீர்கள். வேங்கையில் துவர்ப்புச் சத்து அதிகம். இரும்புத் துணுக்கு ஒன்று துளைக்குள் தங்கி, கொஞ்சம் ஈரமும் பட்டால் மைத்துளி மாதிரிக் கறுப்பாகும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போதும், கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் வந்துவிடும்.

தெற்குவாசல்:
இடையில் ஒரு கேள்வி. கிரிக்கெட் பேட்டுக்கு இதே பாயில்டு லின்சீட் போடலாமா?

இழைப்புளி:
பேட்டுக்குப் பச்சை லின்சீட்தான். பாயில்டு மேலாகச் சீக்கிரம் இறுகி ஆடை கட்டும். பேட்டின் வில்லோ மரம் எண்ணெயை மெல்ல உறிஞ்சி, நார் மிருதுவாக இருக்க வேண்டும். ஒரு பூச்சுக்கு ஒரு தேக்கரண்டி, 5 மி.லி., அதற்கு மேல் வேண்டாம். முகம், ஓரங்கள், கால்முனை, பின்பக்கம். கைப்பிடி இறங்கும் ஆப்புப் பகுதியில் படக்கூடாது, பசை விட்டுப்போகும். படுக்கவைத்து ஒரு நாள் காயவிட்டு அடுத்தது. மொத்தம் இரண்டு அல்லது மூன்று பூச்சு. நிற்கவைத்துக் காயவிட்டால் எண்ணெய் கால்முனைக்கு இறங்கி பேட் கனத்துவிடும்.

ரசாயனம்62:
மூன்றாவது கேள்விக்கு, அதாவது எடுத்து வைப்பதற்கு, வருமுன் துணிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த இழையில் ஒரே ஒரு பதிவைப் படிப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

லின்சீட் காய்வது ஆக்சிஜனோடு நடக்கும் வினை என்று இழைப்புளி எழுதினார். அந்த வினை வெப்பத்தை வெளிவிடும். மேசையின் மேல் மெல்லிய படலமாக இருக்கும்போது அந்த வெப்பம் உடனே காற்றில் கலந்துவிடும். அதே எண்ணெய் ஊறிய பருத்தித் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், துணி பஞ்சு மெத்தை மாதிரி சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். சூடு ஏற ஏற வினை வேகமாகும், வேகமாக ஆக இன்னும் சூடு. சில மணி நேரத்தில் யாரும் தீ வைக்காமலே புகைந்து எரியும். பட்டறைகளில் பனியன் வேஸ்ட் (கழிவுத் துணி) மூட்டையிலிருந்து ஒரு கை எடுத்துத் துடைத்துவிட்டு, அழுக்கானதை அதே மூட்டைப் பக்கம் எறிவது வழக்கம். இதைவிட ஆபத்தான பழக்கம் இல்லை.

துடைத்த ஒவ்வொரு துணியையும் உடனே தண்ணீர் வாளியில் முக்குங்கள். இல்லையென்றால் வெளியில் கொடியில், ஒன்றன்மேல் ஒன்று படாமல், மடிப்பில்லாமல் விரித்துப் போடுங்கள். அப்பளம் மாதிரி விறைத்த பிறகு குப்பைக்குப் போகலாம். எண்ணெய் முழுதாகக் காயாத மரத்தை உப்புத்தாள் போட்ட தூசிக்கும் இதே விதி, குவித்து வைக்காதீர்கள். டங், வால்நட் எண்ணெய்க்கும் பொருந்தும். லிக்விட் பாரஃபினுக்கு இந்த ஆபத்து இல்லை, அது ஆக்சிஜனை எடுப்பதில்லை.

புதுஉளி:
இது தெரியாது. கடையில் டப்பா மேலேயும் எழுதியிருக்கவில்லை. மிக்க நன்றி சார். இப்போது சேமிப்பு.

தேனடை:
மரத்தில் எது எண்ணெயைக் காய வைக்கிறதோ அதுவேதான் பாட்டிலுக்குள்ளும் கெடுக்கிறது. பாதி காலியான லின்சீட் பாட்டிலில் மேல்பாதி காற்று. இரண்டு மாதத்தில் பால் ஏடு மாதிரி ஆடை கட்டும். ஆகவே வாங்கிய ஒரு லிட்டரை அன்றைக்கே 200 மி.லி. கண்ணாடிப் பாட்டில் ஐந்தில் கழுத்துவரை நிரப்பி வைத்துவிடுங்கள். ஒன்றைத் திறந்தால் மற்ற நான்குக்குக் காற்றுப் படாது. திறந்த பாட்டிலில் எண்ணெய் குறையக் குறைய, கழுவித் துடைத்துக் காயவைத்த கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தைக் கழுத்துவரை ஏற்றுங்கள். பழுப்பு நிற பாட்டில் நல்லது. கிடைக்காவிட்டால் சாதாரணக் கண்ணாடியை அலமாரி இருட்டில் வையுங்கள்.

ஆடை கட்டிவிட்டால் கலக்கிவிடாதீர்கள். ஓரத்தில் வெட்டி முழுத் துண்டாக வெளியே எடுத்து, மீதியை மெல்லிய துணியில் வடிகட்டினால் அடியிலுள்ள எண்ணெய் நன்றாகவே இருக்கும். எண்ணெய் தேன் பதத்துக்கு வந்திருந்தால் டர்பன்டைன் விட்டு நீர்க்கச் செய்து பயன்படுத்தலாம். ஜெல்லி மாதிரி ஆடினால் போய்விட்டது. அதைக் கரைக்க எதுவும் இல்லை.

மெழுகுக் குழம்பை 65–70 டிகிரியில், ஊற்றக்கூடிய பதத்தில் டப்பாவில் ஊற்றுங்கள். முழுசாக ஆறும்வரை மூடாதீர்கள். மூடினால் மூடியில் வியர்த்துத் தண்ணீர் சொட்டும். ஆறிய பிறகு பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டி, குழம்பின் மேலேயே காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்தி ஒட்டிவிட்டு மூடுங்கள். லின்சீட் கலந்ததற்கு இது அவசியம். லிக்விட் பாரஃபின் கலவைக்குத் தேவையில்லை, அது வருடக்கணக்கில் கெடாது. லின்சீட் கலவையை ஆறு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் செய்யுங்கள்.

வேங்கைமரம்:
மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். அங்கே 45 டிகிரி தாண்டும், குழம்பிலிருந்து எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும். பிரிந்தால் வெந்நீரில் டப்பாவை வைத்து முழுதாக உருக்கி, ஆறும்போது கெட்டியாகும்வரை கிண்டிக்கொண்டே இருங்கள். கிண்டாமல் மெல்ல ஆறவிட்டால் ரவை ரவையாக உறையும். டர்பன்டைன் கலந்த குழம்பாக இருந்தால் சூடு வேண்டாம், கரண்டியால் கலக்கினாலே போதும்.

கார்னாபா மெழுகு (ஒருவகைப் பனை ஓலையிலிருந்து வரும் கெட்டி மெழுகு) சேர்ப்பவர்களுக்கும் ரவைப் பிரச்சினைதான் அடிக்கடி வரும். அது 82–86 டிகிரியில்தான் உருகும். தேன்மெழுகு உருகிவிட்டதே என்று இறக்கிவிட்டால் அது முழுதாகக் கரைந்திருக்காது. முதலில் அதைத் தனியாக உருக்கி, பிறகு தேன்மெழுகு. மொத்த மெழுகில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், தேய்க்கக் கை வலிக்கும்.

ரசாயனம்62:
டர்பன்டைன் கலந்ததை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றாதீர்கள், சில கப்புகள் கரைந்து ஒழுகும். கண்ணாடி அல்லது தகர டப்பா. தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் கூடவே கூடாது. யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. நேராக மருத்துவமனை.

கடைசல்பட்டறை:
முந்திரி எண்ணெய் (முந்திரிக் கொட்டை ஓட்டிலிருந்து எடுப்பது) பற்றி யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். ஓட்டு வீட்டுக் கைமரம், சுவருக்குள் போகும் நிலைப் பலகைக்குக் கறையான் வராமல் இருக்க அடிப்பார்கள், அந்த வேலைக்கு நல்லது. கை படும் சாமானுக்கு வேண்டாம். அந்த எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், மரத்தைக் கருஞ்சிவப்பாகவும் மாற்றிவிடும்.

புதுஉளி:
சரி, கடைசியாக ஒன்று. இவ்வளவும் செய்தபின் மேசை மேல் சூடான காபி டம்ளர் வைத்தால் தாங்குமா?

இழைப்புளி:
தாங்காது என்று தெரிந்தே இந்தப் பூச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேன்மெழுகு 62 டிகிரியில் உருகும், டவராவில் ஆற்றாத காபி அதைவிடச் சூடு. வெள்ளை வளையம் விழும். தண்ணீர் தேங்கி நின்றாலும் தடம் தெரியும். பி.யு. கொடுக்கும் பாதுகாப்பை எண்ணெயும் மெழுகும் கொடுக்காது.

ஆனால் பி.யு.வில் கீறல் விழுந்தால் முழு மேசையையும் உரிக்க வேண்டும். இதில் அந்த வளையத்தின் மேல் மட்டும் வேலை. ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெழுகு பளபளப்பாகும் வரை சூடு காட்டி, காய்ந்த துணியால் நார்வாக்கில் துடையுங்கள். முக்கால்வாசி அதிலேயே போய்விடும். போகாவிட்டால் கொஞ்சம் குழம்பைத் தொட்டு பச்சை நாரால் தேய்த்து, பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் பக்கத்து மரத்தோடு சேர்ந்துவிடும்.

புதுஉளி:
புரிந்தது அண்ணா. நாட்டு மருந்துக் கடை மெழுகைப் பிசைந்து பார்த்தேன்: வளைகிறது, ஒட்டுகிறது, வாசம் இருக்கிறது. 63 டிகிரியில் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பூச்சு. லின்சீட் பழையதா புதியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாட்டிலில் தேதி அழிந்திருக்கிறது.

ரசாயனம்62:
ஒரு கண்ணாடித் துண்டில் ஒரே ஒரு சொட்டு விட்டு, விரலால் ரூபாய் நோட்டு அகலத்துக்கு மெல்லிசாகத் தேய்த்து, ஜன்னல் ஓரம் வையுங்கள். பாயில்டு என்றால் ஒன்றிரண்டு நாளிலும், பச்சை என்றால் ஒரு வாரம் பத்து நாளிலும் விரல் ஒட்டாமல் இறுக வேண்டும். அதற்கும் மேல் ஒட்டினால் எண்ணெய் பழையதாகி இருக்கலாம், அல்லது அதில் வேறு எதோ கலந்திருக்கலாம், மேசையில் போடாதீர்கள். மரச்செக்கில் ஆட்டிய ஆளி விதை எண்ணெயையும் இதே கண்ணாடியில் சோதித்துப் பாருங்கள். சிலதில் கெடாமல் இருக்க வைட்டமின் ஈ சேர்த்திருப்பார்கள், அது சரியாகக் காயாது.

தேனடை:
சோதித்த பிறகு டப்பாவின் மேல் நான்கு விஷயம் எழுதி ஒட்டுங்கள்: எந்த எண்ணெய், மெழுகு எத்தனை கிராம், டர்பன்டைன் உண்டா இல்லையா, செய்த தேதி. பேனா மை எண்ணெய்க் கையில் அழியும், பென்சிலில் எழுதி மேலே செலோடேப் ஒட்டுங்கள். மூடுவதற்கு முன் மரையில் ஒட்டியிருக்கும் எண்ணெயைத் துடைக்க மறக்காதீர்கள். மரையில் காய்ந்தால் மூடி திறக்காது. திறக்காவிட்டால் மூடியை மட்டும் வெந்நீரில் ஒரு நிமிடம் கவிழ்த்துப் பிடித்தால் விடும்.